மாத்திரையும் மறதியும்

ஷெர்லக் ஹோம்ஸ் அச்சேறுவதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1882இல், ஆர்தர் கானன் டாயில் என்ற இளம் மருத்துவர் ‘லான்செட்’ இதழுக்கு ஒரு குறிப்பு எழுதினார். துப்பறியும் கதையன்று, இரத்த வெள்ளணுக்கள் அளவிறந்து பெருகிய ஒரு நோயாளிக்கு ஆர்சனிக் கொடுத்த அனுபவம். டாயிலின் கதைகளில் தோய்ந்த நம்மில் பலர் இதை அறிந்திருக்க மாட்டோம். 1845இல் எடின்பரோவில் பென்னட்டும் பெர்லினில் ஃபிர்கோவும் தனித்தனியே விவரித்த இந்நோய்க்கு, அந்த நூற்றாண்டு முடியும்வரை நஞ்சே மருந்தாக இருந்தது.

இரத்தப் புற்றுநோய்கள் பல. நாம் இங்கு எடுத்துக்கொள்வது நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்னும் ஒன்றை மட்டும். 1960இல் ஃபிலடெல்ஃபியாவில் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் இந்நோயாளிகளின் அணுக்களில் குறுகிப்போன ஒரு குரோமோசோமைக் கண்டனர். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவே அது என்று 1973இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த இடமாற்றத்தில் பிறப்பது ஓய்வறியாத ஒரு நொதி. அதன் வாயை அடைக்கும் இமாட்டினிப் மாத்திரை 1998இல் நோயாளிகளிடம் முதன்முதல் சோதிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ உட்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரடைந்தது. 2001 மே மாதம் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இங்கே வெற்றி முரசு கொட்டி முடித்துவிடுகின்றனர். பாதிக் கதை இனிமேல்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். மாதம் லட்சத்துக்கு மேல் விலை சொல்லப்பட்ட அம்மருந்தின் காப்புரிமை வழக்கு சென்னையில் தொடங்கி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் நிறுவனத்துக்கு எதிராக முடிந்ததைப் பலரும் அறிவர். மலிவான மாத்திரை கிடைத்துவிட்டது. அதை அன்றாடம் விழுங்குவது யார் பொறுப்பு?

லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 87 நோயாளிகளின் மருந்துப் புட்டி மூடிகளில் மின்னணுக் கருவி பொருத்தி, மூன்று மாதம் கணக்கெடுத்தனர். 2010இல் வெளிவந்த முடிவு திடுக்கிட வைப்பது. பத்தில் ஒரு வேளைக்கு மேல் தவறவிடாதவர்களில் ஆறாண்டுகளில் நோய்க்கூறு ஆழமாகக் குறையும் வாய்ப்பு 94.5 விழுக்காடு, மற்றவர்களிடம் 28.4 மட்டுமே. மருந்து ஒன்றுதான், மருத்துவரும் அவர்களேதாம்.

தவறவிடுவோர் சோம்பேறிகள் அல்லர். உடம்பில் நோவில்லை, மாத்திரையோ குமட்டலும் தசைப்பிடிப்பும் கண்ணிமை வீக்கமும் தருகிறது. ஒரு திருமணத்துக்குப் போகும் நாளில் அதை வேண்டுமென்றே விட்டுவிடுவது மனித இயல்புதானே? எனவே ‘ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா’ என்ற கேள்வியால் பயனில்லை. எந்த நாளில், ஏன் விட்டீர்கள் என்று கோபமின்றிக் கேட்க வேண்டும். உணவோடும் ஒரு பெரிய தம்ளர் நீரோடும் உட்கொண்டால் குமட்டல் தணியும்; விட்ட வேளைக்கு மறுநாள் இரட்டிப்பாக விழுங்கலாகாது; நாட்டு மருந்து சேர்த்தால் மறைக்கலாகாது; கருத்தரிக்க எண்ணும் பெண் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இச்சிறு செய்திகளைப் புரியும் மொழியில் சொல்வதும் சிகிச்சையே.

மாத்திரையை நிறுத்தவே கூடாதா? 2010இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில், இரண்டாண்டுகளுக்கு மேல் நோய்த்தடயமே காணாதவர்கள், அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மருந்தை நிறுத்தினர். ஓராண்டு கடந்தும் பத்தில் நால்வருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்கள் மீண்டும் மாத்திரை தொடங்க, நோய் மறுபடி அடங்கியது.