மக்கு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, 1856-ல் நார்மல் பள்ளியாகத் தொடங்கிய நம் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் பெருமையை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அதை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மில் பலர் உண்டு. நான் சரித்திர வாத்தியார். ஆகவே யாரும் எழுதாத ஒரு சரித்திரத்தை எழுதுகிறேன். அது ஒரு பசையின் சரித்திரம். அதன் பெயர் மக்கு.

வகுப்பில் பிள்ளைகளைத் திட்டுகிற மக்கு அல்ல. தச்சரும் பொம்மை செய்கிறவரும் சந்து அடைக்கிற மக்கு. ஆனால் என் வாழ்க்கையில் இந்த இரண்டும் ஒன்றாக முடிச்சு விழுந்துவிட்டன.

1974-75-ல் நான் பி.எட். மாணவன். கற்பித்தல் பயிற்சிக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு கொடுத்தார்கள். பாடம் சோழர் காலம். 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை இரண்டடி உயரத்தில் பலகையும் அட்டையுமாகச் செய்தேன். பதின்மூன்று நிலைகள். நிலைக்கு நிலை இடைவெளி பல்லிளித்தது. சாக்பீஸ் தூளை மைதாப் பசையில் குழைத்து மொத்தமாக அப்பினேன். மறுநாள் காலையில் பார்த்தால், வறண்ட ஏரி மாதிரி வெடித்துக் கிடக்கிறது! பேராசிரியர் பாடம் பார்க்க வர நான்கே நாள்.

அந்தக் கடுப்போடு வகுப்புக்குப் போனேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனிடம் கோயில் கட்டி முடித்த வருஷத்தைக் கேட்டேன். விழித்தான். "சரியான மக்கு!" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் நிதானமாக, "சார், எங்க தாத்தா மக்கு வெப்பாரு. உங்க கோபுரத்துல வெடிச்சத அடைச்சுக் குடுப்பாரு" என்றான். கிண்டல் செய்கிறானோ என்று பார்த்தேன். இல்லை. நிஜமாகவே உதவத்தான் சொல்லியிருக்கிறான்.

மாலையில் காரணீஸ்வரர் கோயில் பக்கத்துச் சந்தில் இருந்த அவன் வீட்டுக்கு விமானத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். தாத்தா பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்கிறவர். வெடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"தண்ணி போற எடம் சுருங்கும் சார். ஒரேயடியா அப்பினா வெடிக்காம இன்னா பண்ணும்?"

பிறகு செய்தே காட்டினார். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்து, கூழாகக் காய்ச்ச வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம். பெரிய சந்துக்கு அதில் சலித்த மரத்தூளைப் பிசைந்து அழுத்த வேண்டும். ஒரு நாள் காயவேண்டும். அதற்கு மேல் சுக்கான் மாவு கலந்து மோர் பதத்தில் தூரிகையால் ஒரு பூச்சு. காய்ந்ததும் இன்னொன்று. அதுவும் காய்ந்ததும் மூன்றாவது. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, முடி தேய்ந்த பழைய தூரிகையால் குத்திக் குத்தி எடுத்தார். அட்டை கருங்கல்லாகிவிட்டது!

இது அவர் வீட்டு ரகசியம் மட்டும் அல்ல என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். விஜயவாடா பக்கத்துக் கொண்டபள்ளியில், தெல்ல பொணிகி என்கிற லேசான மரத்தில் கையையும் தலையையும் தனித்தனியாகச் செதுக்கி, புளியங்கொட்டைப் பொடியும் மரத்தூளும் சேர்ந்த கலவையால் ஒட்டுகிறார்கள். அங்கேயும் அதற்குப் பெயர் மக்குதான். தஞ்சாவூர் ஓவியத்தில் நகையும் தூணும் புடைத்து நிற்பது சுக்கான் மாவும் பசையும் சேர்ந்த மக்கினால்தான். தங்க ரேக்கு அதன் மேல்தான் உட்காருகிறது. வெள்ளைக்காரன் சாக்குப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்து ஜன்னல் கண்ணாடி பதித்தான். அந்தப் 'பட்டி'யின் பெயரில்தான் நம் பெயிண்டர்கள் இன்றும் 'பட்டி பார்க்கிறார்கள்'.

1952-ல் இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 'கோல்டன் ஹைண்ட்' கப்பலைச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாகங்களாக விற்றது. அத்தகைய மாடல்களிலும் பாகங்களுக்கு நடுவே அதே இடைவெளி, அதே தலைவலி. என் பேரன் இப்போது டாங்கி மாடல் செய்கிறான். அவன் கையில் சின்னப் புட்டியில் 'லிக்விட் பட்டி'. நுண்ணிய தூளும் பிசினும் தின்னரில் கரைந்த திரவம். 500, 1000 என்று எண் போட்டு வருகிறது. எண் சிறியதானால் தூள் பருமன். புட்டி தீர்ந்தால், பாகங்கள் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் சட்டத்தையே துண்டாக்கித் தின்னரில் கரைத்துக்கொள்கிறான். வார்ப்பிரும்பு மாதிரி சொரசொரப்பு வர, ஈரப் பூச்சைப் பழைய தூரிகையால் குத்துகிறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீருக்குப் பதில் தின்னர். அவ்வளவுதான் வித்தியாசம். "ஒரே தடவையில அப்பாதேடா, வெடிக்கும்" என்றேன். "எப்படித் தாத்தா தெரியும்?" என்கிறான்!

நான்காம் நாள் பாடம் நன்றாக நடந்தது. பேராசிரியர் விமானத்தைத் தொட்டுப் பார்த்து, "கல் மாதிரியே இருக்கிறதே" என்றார். மக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள். சரியாக வைத்த மக்கு கண்ணுக்குத் தெரியாது. வைத்தவர் பெயரும் அப்படியே மறைந்துவிடுகிறது. நானும் அன்று அந்தப் பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி பெஞ்சில் அந்தப் பையன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவனிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. வாத்தியார் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதாவது என்கிற வீம்பு. பயிற்சி முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டேன். பிறகு சைதாப்பேட்டைக்கு வந்து தேடியபோது, அந்தச் சந்தில் அவர்கள் இல்லை.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. ஓய்வு பெறும்வரை எந்தப் பிள்ளையையும் அந்தச் சொல்லால் திட்டவில்லை. புரியாத பிள்ளைக்கு ஒரேயடியாக அப்பாமல், கொஞ்சம் சொல்லி, அது காயும்வரை பொறுத்து, மறுபடி கொஞ்சம் சொன்னேன்.

நண்பர்களே, கல்லூரியில் நாம் எத்தனையோ கற்பித்தல் முறைகளைப் படித்தோம். எனக்குக் கடைசிவரை கைகொடுத்தது அந்தச் சந்து வீட்டுத் திண்ணையில் கற்றதுதான்.