கோடிட்ட விலையும் பஸ்ராவின் சர்க்கரை வணிகரும்

இணையக் கடைகளில் பண்டிகைக்கால விற்பனை தொடங்கினால், ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலைகள் தென்படும்: கோடிட்டு அடிக்கப்பட்ட பழைய விலை, அதில் பாதியாகக் காட்டப்படும் புதிய விலை. வாங்குபவரை மயக்குவது புதிய விலை அன்று, பழைய விலையே. அப்பொருள் என்றேனும் அந்த விலைக்கு உண்மையில் விற்றதா? இக்கேள்வி இணையத்தோடு பிறந்ததன்று.

மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் தடுத்தவற்றுள் ஒன்று ‘நஜ்ஷ்’. வாங்கும் எண்ணமில்லாத ஒருவர், பிறரை ஏமாற்றுவதற்காக விலையை ஏற்றிக் கேட்பது அது. மடி பெருத்துத் தோன்றும்படி பால் கறக்காமல் விட்டு ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதையும் தடுத்தார்கள். அப்படி ஏமாந்தவர், ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் பிராணியைத் திருப்பித் தரலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். இவ்விரண்டிலும் விற்கப்படும் பொருள் உண்மையானதே. அதன் மதிப்பைப் பற்றி எழுப்பப்பட்ட தோற்றம்தான் பொய்.

பின்வந்த ஃபிக்ஹு அறிஞர்கள் இதை மேலும் நுணுகி ஆய்ந்தனர். கொள்முதல் விலையைச் சொல்லி, அதன்மேல் இலாபம் வைத்து விற்பது ‘முராபஹா’. அங்கே விற்பவரின் சொல் ஓர் அமானிதம். சொன்ன விலை பொய்யென்று தெரிந்தால், கூடுதல் தொகையைக் கழிக்க வேண்டும் என்றனர் சிலர். வாங்கியவர் ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்றனர் வேறு சிலர்.

1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். பஸ்ராவில் வாழ்ந்த தாபிஈ ஒருவருக்கு, அவ்வாண்டு கரும்பு நோயுற்றதாக ஸூஸ் நகரிலிருந்து அவருடைய பணியாள் எழுதினார். அதைச் சொல்லாமலே அவர் ஒருவரிடம் ஏராளமாகச் சர்க்கரை வாங்கினார். 30,000 இலாபம் வந்தது. அன்றிரவு மனம் உறுத்தியது. விடிந்ததும் விற்றவரிடம் சென்று, உண்மையைச் சொல்லி, அத்தொகையை நீட்டினார். அவரோ மனமுவந்து விட்டுக்கொடுத்தார். ஆயினும், வெட்கத்தால் விட்டுக்கொடுத்திருப்பாரோ என்ற ஐயம் மறுநாள் இரவும் உறங்கவிடவில்லை. மீண்டும் சென்று பணத்தைக் கொடுத்துவிட்டே திரும்பினார். சந்தை நிலவரத்தை மறைப்பதும் மோசடியே என்பதற்கு இமாம் தரும் சான்று இது.

அத்தகைய மனச்சான்றை எல்லா விற்பனையாளரிடமும் எதிர்பார்க்க இயலாது. ஆகவே சட்டங்கள் எழுந்தன. தள்ளுபடி அறிவிக்கும் கடைகள் முந்தைய 30 நாட்களின் மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. இந்தியா 2023-இல், நுகர்வோரை ஏமாற்றும் 13 இணைய உத்திகளைத் தடைசெய்தது. பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும் அவற்றுள் ஒன்று.

எஞ்சியது வாங்குபவரின் பொறுப்பு. அதிகபட்ச சில்லறை விலை என்பது உச்சவரம்பே. சந்தை விலை அன்று. எனவே அதிலிருந்து கணக்கிடும் தள்ளுபடி எதையும் மெய்ப்பிக்காது. வேண்டிய பொருளின் விலையைச் சில வாரங்களுக்கு முன்பே குறித்து வையுங்கள். அதே மாடலை வேறு கடைகளில், அனுப்புக் கட்டணத்தையும் சேர்த்து ஒப்பிடுங்கள். கோடிட்ட விலையைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டு, எஞ்சிய விலைக்கு அப்பொருள் தகுமா என்று கேளுங்கள். தகுமென்றால் மட்டுமே அது மலிவு.