கல்லூரி விண்ணப்பமும் இருளர் பெற்றோரும்
விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலோ சேர இணையவழியே விண்ணப்பிக்க வேண்டும். எழுத்தறியாப் பெற்றோர் இதில் எவ்வாறு உதவ இயலும்? இருளர் மாணவர்க்கு அவ்விண்ணப்பத்தில் கடினமானது சாதிச் சான்று கேட்கும் இடமே. அங்கே பெற்றோரின் துணை இன்றியமையாதது என்கிறோம்.

பட்டியல் சாதியினர்க்கு வட்டாட்சியரே சான்று வழங்குகிறார். பழங்குடியினரோ கோட்டாட்சியரை, திண்டிவனம் கோட்டத்தில் சார் ஆட்சியரை, நாட வேண்டும். (ஒரே மாவட்டத்தில் இருவேறு தொலைவுகள்!) விசாரணையின்போது பூர்வீக ஊரையும் கொள்வினை கொடுப்பினையையும் எடுத்துரைக்க வல்லவர் பெற்றோரே; முன்பே சான்று பெற்ற உறவினரை அறிந்தவரும் அவர்களே. திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இச்சான்றுக்காக நெடுங்காலமாகப் போராடி வருகிறது. சான்று இல்லையேல் பழங்குடியினர்க்கான 1 விழுக்காடு இடஒதுக்கீடு ஏட்டளவே. எனவே 11-ஆம் வகுப்பிலேயே மனு அளித்து, ஒப்புகைச் சீட்டைப் பாதுகாத்து வைக்க வேண்டும்.