மிலிந்த்: வண்டா, அரசனா?

அவள் தமிழ், அவன் மராத்தி. இரண்டு பாட்டிகளின் வாயிலும் இடறாத பெயர் வேண்டும் என்று தோழர்கள் கேட்டார்கள். மிலிந்த் என்றேன்.

"வண்டுன்னுதானே அர்த்தம்?" என்றார் அப்பா. சமஸ்கிருதத்தில் அப்படித்தான். நம் மிலிந்த் வேறு. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டரைப் பாலி மொழி மிலிந்தன் ஆக்கிக்கொண்டது. நாகசேனர் என்ற பிக்குவை அவன் கேள்விகளால் துளைத்ததைச் சொல்வது 'மிலிந்த பன்ஹா'. அரசன் என்பதால் அல்ல, கேட்டான் என்பதால் நமக்கு அவன் வேண்டியவன். அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் 1950இல் அவுரங்காபாத்தில் தொடங்கிய கல்லூரி மிலிந்த் மகாவித்யாலயா என்று பெயர் பெற்றது. அது இருக்கும் இடம் நாகசேனவனம்.

சூத்திரனின் பெயர் இழிவைக் காட்ட வேண்டும் என்கிறது மனு (2:31). மகர் வீடுகளில் கச்ரு என்ற பெயர் இருந்தது. குப்பை என்று பொருள். பிள்ளை தங்கட்டும் என்று மற்ற சாதியினரும் இப்படி வைத்ததுண்டு, மறுக்கவில்லை. ஆனால் இழிபெயரை மேல்சாதியினர் மீது மனு விதிக்கவில்லை. 1956 அக்டோபர் 14, நாக்பூரில் பௌத்தம் தழுவியதற்குப் பிறகு கௌதம், ராகுல், சுஜாதா, மிலிந்த் என்று பிள்ளைகளைக் கூப்பிடும் குரல் சேரிகளில் பெருகியது.

மேல்சாதி வீடுகளிலும் மிலிந்த்கள் உண்டு. அங்கே அது பெரும்பாலும் வண்டுதான். அதனால் சான்றிதழில் எழுதுவதோடு விடாதீர்கள், கதையையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள் என்றேன்.

தமிழ்ப் பாட்டி ஒருமுறை "மிலிந்தா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். சரியாகவே வந்தது.