2008: அயர்ன் மேனும் தி டார்க் நைட்டும்

சூப்பர் ஹீரோ என்று பரவலாக வழங்கப்படும் மீநாயகர் திரைப்படங்களின் வரலாற்றில் 2008 ஆம் ஆண்டின் கோடைக்காலம் தனித்து நிற்கிறது. அமெரிக்காவில் மே 2 அன்று அயர்ன் மேன், ஜூன் 13 அன்று தி இன்கிரெடிபிள் ஹல்க், ஜூலை 2 அன்று ஹான்காக், ஜூலை 11 அன்று ஹெல்பாய் 2, ஜூலை 18 அன்று தி டார்க் நைட் என மூன்று மாதங்களுக்குள் ஐந்து படங்கள் வெளிவந்தன. அவற்றுள் எது ஆண்டின் சிறந்த படம் என்ற வாதம் அப்போதே தொடங்கிவிட்டது. அந்த வாதத்தின் அடியில் வேறொரு கேள்வியும் இருந்தது. படக்கதைப் புத்தகத்திலிருந்து பிறந்த ஒரு படத்தை, அதன் இனத்துக்குள் மட்டுமின்றி, அவ்வாண்டின் எல்லாப் படங்களோடும் வைத்து மதிப்பிடலாமா?

வசூல் இங்கே நல்ல அளவுகோல் இல்லை. உலக அளவில் தி டார்க் நைட் ஏறக்குறைய 100 கோடி டாலர் ஈட்டி முதலிடம் பெற்றது. வில் ஸ்மித் நடித்த ஹான்காக் அயர்ன் மேனைவிட அதிகமாக, ஏறத்தாழ 63 கோடி டாலர் ஈட்டியது. அதற்காக ஹான்காக்கே மேலான படம் என்று இன்று வாதிடுவோர் அரிது. உண்மையான போட்டி அயர்ன் மேனுக்கும் தி டார்க் நைட்டுக்கும் இடையில்தான் இருந்தது.

அயர்ன் மேன் ஒரு சூதாட்டம். ஸ்பைடர்மேன், எக்ஸ்மென் போன்ற புகழ்பெற்ற பாத்திரங்களின் திரைப்பட உரிமையை மார்வெல் நிறுவனம் முன்னரே பிற நிறுவனங்களுக்கு விற்றிருந்தது. 2005 இல் மெரில் லிஞ்ச் வழியாக 52.5 கோடி டாலர் வரையிலான கடனுக்கு ஏற்பாடு செய்து, கையில் எஞ்சிய பாத்திரங்களின் உரிமைகளை ஈடாக வைத்துச் சொந்தமாகப் படமெடுக்க இறங்கியது. அதன் முதல் விளைவு ஜான் ஃபேவ்ரோ இயக்கிய இப்படம். போதைப் பழக்கத்தால் சரிந்து மீண்டுவந்த ராபர்ட் டவுனி ஜூனியரை நாயகனாக்கியதும் அன்று துணிச்சலான முடிவே. எழுதி முடிக்கப்படாத திரைக்கதையோடு படப்பிடிப்பு நடந்தது. நடிகர்கள் அவ்வப்போது தாமாகவே பேசிய உரையாடல்களின் இயல்பு படம் முழுவதும் தெரிகிறது.

கிறிஸ்டோபர் நோலனின் தி டார்க் நைட் வேறு வகை. சிகாகோ நகரத் தெருவில் உண்மையான சரக்குந்தைத் தலைகீழாகப் புரட்டிப் படமாக்கினர். ஐமாக்ஸ் ஒளிப்படக் கருவியைச் சில காட்சிகளுக்குப் பயன்படுத்திய முதல் பெரிய கதைப்படம் இதுவே. ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் படம் வெளிவரும் முன்பே, 2008 ஜனவரி 22 அன்று, 28 வயதில் இறந்தார். அந்தத் துயரம் படத்தைப் பார்க்கும் கண்களை மாற்றியது உண்மை. ஆனால் அந்த நடிப்பு இரக்கத்தின் துணையால் நிற்பதன்று.

இரு படங்களும் அன்றைய அமெரிக்காவின் போர்க்காலக் கேள்விகளைத் தொடுகின்றன. ஒப்பிட வேண்டிய இடம் இதுதான். ஆயுத வணிகரான டோனி ஸ்டார்க், ஆப்கானிஸ்தானில் தம்மைச் சிறைபிடித்தவர்களின் கையில் தம் நிறுவனத்தின் ஆயுதங்களையே காண்கிறார். நாடு திரும்பியதும் ஆயுத உற்பத்தியை நிறுத்துவதாக அறிவிக்கிறார். பிறகு அவர் செய்வது என்ன? உலகிலேயே சிறந்த ஆயுதத்தை உருவாக்கித் தாமே அணிந்துகொள்கிறார். ஆயுத வணிகம் பற்றிய கேள்வி இறுதியில் ஒரு கெட்ட பங்காளியோடு நடக்கும் சண்டையாகச் சுருங்குகிறது. பெரிய இரும்புக் கவசமும் சிறிய இரும்புக் கவசமும் மோதிக்கொள்ளும் அந்தக் கடைசிப் பகுதியே படத்தின் பலவீனம். குகைக்குள் நிகழும் தொடக்கப் பகுதியோ மிகச் சிறப்பானது.

தி டார்க் நைட்டில் ஜோக்கரைப் பிடிக்க, நகரத்து மக்களின் கைபேசிகள் அனைத்தையும் பேட்மேன் ஒற்றுக் கருவிகளாக்குகிறார். இவ்வளவு அதிகாரம் ஒருவரிடம் இருக்கலாகாது என்று லூசியஸ் ஃபாக்ஸ் எதிர்க்கிறார். அனுமதியற்ற ஒட்டுக்கேட்பு பற்றி அமெரிக்காவில் கடும் விவாதம் நடந்த காலம் அது. அயல்நாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத் திருத்தத்தில் அதிபர் புஷ் கையொப்பமிட்டது 2008 ஜூலை 10 அன்று. படம் வந்தது எட்டு நாள் கழித்து. முந்தைய ஆண்டே படமாக்கப்பட்டதால் இது தற்செயல்தான். ஆனாலும் பார்வையாளருக்குக் கேள்வி புதிதாக இருக்கவில்லை. கருவி இறுதியில் அழிக்கப்பட்டாலும், அதனால்தான் ஜோக்கர் பிடிபட்டார் என்ற உறுத்தலைப் படம் மறைக்கவில்லை.

குறைகள் இதிலும் உண்டு. ஹாங்காங் பகுதியை நீக்கினாலும் கதை நிற்கும். ஹார்வி டென்ட் தீயவனாக மாறுவது அவசரமாக முடிகிறது. ரேச்சல் பாத்திரம் பிறரைத் தூண்டுவதற்காகவே சாகிறது. இவற்றை ஏற்றுக்கொண்டே, 2008 இன் முதலிடத்தை இக்கட்டுரை தி டார்க் நைட்டுக்கே தருகிறது. உடல் வலிமையால் தீர்க்க முடியாத சிக்கலை நாயகன்முன் வைத்தது அந்தப் படம்தான். பின்வந்த படங்களின்மீது செலுத்திய செல்வாக்கு என்று பார்த்தால் அயர்ன் மேனே முந்துகிறது. பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்தபின் நிக் ஃபியூரி தோன்றும் சிறு காட்சி, பல படங்களை ஒரே கதையுலகமாகக் கோக்கும் முறைக்கு வித்திட்டது.

அமெரிக்கத் திரைப்படக் கழகம் ஆண்டின் பத்துச் சிறந்த படங்களுள் இரண்டையும் சேர்த்தது. 2009 பிப்ரவரி 22 அன்று நடந்த அகாதமி விருது விழாவில் இரண்டும் இரு பிரிவுகளில் நேருக்கு நேர் மோதின. காட்சி விளைவுகளுக்கான விருது இரண்டுக்கும் கிட்டவில்லை. ஒலித்தொகுப்புக்கான விருதை தி டார்க் நைட் வென்றது. லெட்ஜருக்குச் சிறந்த துணை நடிகர் விருது வழங்கப்பட்டது. ஆனால் எட்டுப் பரிந்துரைகள் பெற்ற அப்படம் சிறந்த படத்துக்கான ஐந்து இடங்களுள் ஒன்றைக்கூடப் பெறவில்லை. அவ்விருதை வென்றது, ஏ. ஆர். ரகுமானுக்கு இரு விருதுகள் பெற்றுத்தந்த ஸ்லம்டாக் மில்லியனயர். தி டார்க் நைட் விடுபட்டது பெரும் குறையாகப் பேசப்பட்டது. 2009 ஜூனில் அகாதமி அப்பிரிவின் இடங்களைப் பத்தாக உயர்த்தியது. இருந்தும் ஒரு மீநாயகர் படம் அப்பட்டியலில் நுழைய மேலும் பத்தாண்டுகள் ஆயின. 2019 இல் அந்த இடத்தைப் பெற்றது பிளாக் பாந்தர்.