பெங்களூரு ஏரிகளும் நீர்ச் சுழற்சி மாற்றமும் – ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

ஓர் ஊரின் நீர்ச் சுழற்சியை இயற்கை மட்டுமே முடிவு செய்வதில்லை. பெய்த மழை ஓடுவதும், தேங்குவதும், நிலத்துள் இறங்குவதும், ஆவியாவதும் மனிதர் செயலால் மாறக்கூடியவை. அருகில் பேராறு இல்லாத பெங்களூரு இதற்குத் தக்க சான்றாகும். அங்கு நீரின் போக்கு மாறிய வரலாற்றையும், அம்மாற்றத்தின் தொடக்கத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நில அமைப்பு

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் இந்நகர் அமைந்துள்ளது. மேற்குச் சரிவில் விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியை அடைகிறது. கிழக்குச் சரிவில் விழுவது தென்பெண்ணைக்குச் செல்கிறது. அடியில் இருப்பது கடும்பாறை. அதன்மேல் உள்ள சிதைந்த மண்ணடுக்கும் பாறை வெடிப்புகளுமே நீரைத் தாங்குவன. சரிவும் பாறையும் சேர்ந்த இந்நிலத்தில் மழைநீர் விரைந்து ஓடிவிடும். இது இயற்கை விதித்த எல்லை.

கல்வெட்டு காட்டும் நீர்மேலாண்மை

இவ்வெல்லைக்கு அப்பகுதி மக்கள் கண்ட விடை ஏரி. விபூதிபுரத்தில் கிடைத்த கி.பி. 1307ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, காட்டை வெட்டி நிலத்தைச் சமன் செய்து, ஏரி அமைத்து, ஊர் உருவாக்கியதைக் குறிக்கிறது. போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் காலத்தது இது. காடழித்தலும் ஏரி அமைத்தலும் இங்கு ஒரே செயலின் இரு பகுதிகளாகக் கூறப்படுதல் கருதத்தக்கது. காடு இருந்தபோது மண்ணில் ஊறிய நீர், காடு நீங்கியபின் ஓடிவிடும். அவ்வோட்டத்தைத் தடுத்து நிறுத்தியது ஏரிக்கரை.

ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குச் சென்றது. தேங்கிய நீர் வயலுக்குப் பாய்ந்ததோடு, ஊறிக் கிணறுகளையும் நிரப்பியது. எனவே, மனிதர் தலையீடு எப்போதும் நீர்ச் சுழற்சியைக் கெடுத்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது.

குழாய்நீரின் வரவு

1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்துக்குப்பின் 1882இல் சாங்கி ஏரி அமைக்கப்பட்டது. அதுவரை ஏரியே தீர்வாகக் கருதப்பட்டது. 1896இல் ஹெசரகட்டாவிலிருந்து அர்க்காவதி நீர் குழாய் வழியே நகருக்கு வந்தது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும், 1974இல் காவிரித் திட்டத்தின் முதற்கட்டமும் தொடர்ந்தன. இன்று ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரிநீர் மேலேற்றிக் கொண்டுவரப்படுகிறது.

குழாய்நீர் வந்தபின், தன்மீது பெய்யும் மழையை நகர் நம்பியிருக்க வேண்டிய தேவை குறைந்தது. ஏரி குடிநீர் ஆதாரம் என்னும் நிலை மாறிக் காலிமனை ஆயிற்று. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாகவும், சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாகவும் மாறின. ஆகவே, ஏரிகளின் அழிவைக் கட்டடப் பெருக்கத்தின் விளைவாக மட்டும் காண்பது போதாது. ஏரி மீதான சார்பு அறுந்ததே அதற்கு முந்தைய காரணம்.

இன்றைய விளைவுகள்

தார்ச்சாலையும் கட்டடமும் மூடிய நிலத்தில் மழை இறங்குவதில்லை. கால்வாய்களும் குறுகிப்போயின. 2022 செப்டம்பரில் நகரின் கிழக்குப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. 2024 கோடையில் அதே நகரில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வறண்டன. 2023இல் பருவமழை பொய்த்தது இயற்கைக் காரணம். எனினும், முந்தைய ஆண்டின் மிகைமழையை நிலம் சேமிக்க இயலாமற்போனது மனிதர் விளைத்தது.

மற்றொரு மாற்றமும் உண்டு. காவிரியிலிருந்து வரும் நீரின் ஒரு பகுதி, கழிவாகிப் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணையில் கலந்து தமிழகம் செல்கிறது. ஓர் ஆற்றின் நீர் மற்றோர் ஆற்றுக்கு மாறுவது இயற்கையில் இல்லாத சுழற்சியாகும்.

முடிவுரை

வறட்சியும் வெள்ளமும் இயற்கையால் வருவன. அவற்றைத் தாங்கும் ஆற்றலை உருவாக்கியதும் இழந்ததும் மனிதரே என்பது பெங்களூரு வரலாற்றால் பெறப்படுகிறது. கொடையும் அரசர் பெயரும் அறிவதற்கே பெரிதும் பயன்பட்டுவரும் கல்வெட்டுகள், நீர் வரலாற்றுக்கும் முதன்மைச் சான்றுகளாகும். கன்னட நாட்டிலுள்ள தமிழ்க் கல்வெட்டுகளை இந்நோக்கில் மீண்டும் வாசித்தல் தமிழாய்வாளரின் கடமை எனலாம்.