இன்ஸ்பெக்டர் (நிரலாக்கக் கருவி)

ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் ஓர் ஆப்ஜெக்ட்டைத் திறந்து, அதனுள் இருக்கும் மதிப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் நிரலாளருக்கு உதவும் கருவி இன்ஸ்பெக்டர். எல்லாவற்றையும் ஒரே அச்சில் காட்டிய இக்கருவி, ஒவ்வொரு வகை ஆப்ஜெக்ட்டுக்கும் உரிய காட்சியை நிரலாளரே சேர்த்துக்கொள்ளும் கருவியாகப் பின்னர் வளர்ந்தது.

1970களில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடீல் கோல்ட்பர்க் முதலியோர் ஸ்மால்டாக் மொழியை உருவாக்கினர். ஸ்மால்டாக்-80இன் இன்ஸ்பெக்டரில் இடப்புறம் மாறிகளின் பெயர்கள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தால் அதன் மதிப்பு வலப்புறம் தெரியும். அங்கேயே ஒரு கட்டளையை எழுதி இயக்கியும் பார்க்கலாம். ஆப்ஜெக்ட்டுக்கு ‘இன்ஸ்பெக்ட்’ என்ற செய்தி போனால்தான் சாளரம் திறக்கும் என்பதால், எந்தச் சாளரம் என்பதை அந்த ஆப்ஜெக்ட்டின் வகையை வரையறுக்கும் கிளாஸே முடிவுசெய்ய முடிந்தது. டிக்‌ஷனரி கிளாஸ் இவ்வழியில் தனக்கென ஓர் இன்ஸ்பெக்டரை வைத்துக்கொண்டு, உள்கட்டமைப்பை மறைத்துச் சாவிகளைப் பட்டியலிட்டது. ஜெராக்ஸின் இன்டர்லிஸ்ப்-டி சூழலிலும் தரவு வகைக்கேற்பக் காட்சியை மாற்ற வழி இருந்தது. ஆனால் ஒவ்வொரு வகைக்கும் தனிச் சாளரம் எழுதுவது பெரிய வேலை. சிலவற்றுக்கே அது நடந்தது.

பிற மொழிகளில் வகைக்கேற்பக் காட்டும் தேவை, பிழை தேட உதவும் டீபகர் வழியே வந்தது. சி++ மொழியின் மேப் ஒன்றைத் திறந்தால், போட்டுவைத்த தரவுக்குப் பதில் அதைத் தாங்கும் மரத்தின் கணுக்களே தெரியும். விஷுவல் ஸ்டூடியோ 2005 இதற்கெனக் காட்சிக் கருவிகளைச் சேர்க்க இடம் கொடுத்தது. 2009இல் வந்த ஜிடிபி 7.0 டீபகர், பைத்தானில் எழுதிய காட்சி நிரல்களை ஏற்றது.

ஸ்மால்டாக் மரபில் அடுத்த திருப்பம் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. ஆந்த்ரே கீஷ், டூடோர் கிர்பா, ஆஸ்கர் நியர்ஸ்ட்ராஸ், அலியக்சேய் சிரெல் ஆகியோர் 2015இல் ‘மோல்டபிள் இன்ஸ்பெக்டர்’ என்ற ஆய்வுரையை வெளியிட்டனர். இதில் தனிச் சாளரம் தேவையில்லை. ஆப்ஜெக்ட்டின் கிளாஸில் சில வரிகளில் ஒரு மெத்தட் எழுதிக் குறியிட்டால், அது புதிய டேபாகச் சேர்ந்துகொள்ளும். ஒரே ஆப்ஜெக்ட்டுக்குப் பல காட்சிகள் அமையலாம். கோப்புறை கோப்புகளின் பட்டியலாகவும், படக்கோப்பு படமாகவும் திறக்கும். ஓர் உறுப்பைச் சொடுக்கினால் அது வலப்பக்கத்தில் அடுத்த பலகையாக விரியும். வந்த வழியும் திரையில் இருக்கும். ஸ்மால்டாக் வழிவந்த ஃபாரோ மொழியின் 4ஆம் பதிப்பு இதை ஏற்றுக்கொண்டது. ஃபீங்க் நிறுவனத்தின் கிளாமரஸ் டூல்கிட் இக்கருத்தை டீபகர் முதலிய பிற கருவிகளுக்கும் விரித்தது.

பைத்தான் நிரலை எழுதி இயக்கும் ஜூபிட்டர் நோட்புக்கில், பாண்டாஸ் நூலகத்தின் தரவு அட்டவணையாகத் தெரிவதும் இதே முறையில்தான்: தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்பதை ஆப்ஜெக்ட்டே சொல்கிறது.